சுகுணாவின் மைக்

மணி மூன்று பதினேழுக்குக் கோகிலவாணியின் வாய் கூட்டுக் குடும்பத்தின் நன்மைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது; கோகிலவாணி அங்கே இல்லை. சாப்பாட்டு மேஜையில் அரிசி டப்பாவுக்குச் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால், நைட்டிமேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, நெற்றிப் பொட்டு நேராக இருக்கிறதா என்று வழக்கம்போல் ஒரு தடவை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யாரோ ஒரு ஆசிரியை. பெரியவர்களின் துணை என்றாள் அந்த ஆசிரியை, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்றாள், ஒருவருக்கு முடியவில்லை என்றால் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்றாள். பதினொரு வருஷம் சொல்லிப் பழகிய வாய்க்கு ஆள் தேவையில்லை. ஆள் முழுக்க மடியில் இருந்தது. மடியில், மேஜைவிரிப்புக்குக் கீழே, மூலை உடைந்த பழைய போன் ஒன்று சார்ஜர் வயரோடு கிடந்தது. அதில் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வந்த செய்தி இன்னும் வெளிச்சமாக இருந்தது. "இனிமே உயிரோட இருக்கப் பிடிக்கல சுகுணா. கிளாஸ் முடிஞ்சதும் என் கதைய முடிச்சிருவேன். உன்கிட்ட மட்டும் சொல்லணும்னு தோணுச்சு. மேடம்கிட்ட சொல்லிராத." எழுதியவள் மாரிக்கனி, திரையில் இருக்கும் முப்பத்தெட்டுக் கட்டங்களில் மூன்றாவது வரிசையில் 'மா' என்ற ஒற்றை எழுத்தாக உட்கார்ந்திருப்பவள். சொல்லக் கூடாத அந்த மேடம் கோகிலவாணிதான். யாரிடம் சொன்னாளோ அந்தச் சுகுணாவும் கோகிலவாணிதான். வகுப்பு நான்கு மணிக்கு முடியும்.

சுகுணா என்று ஒரு மாணவி உலகத்தில் கிடையாது. கோகிலவாணி உண்டாக்கியவள் அவள், ஜூன் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வழியே தெரியாமல். உடுமலைக்குத் தெற்கே ஒரு நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே விடுதியில் தங்கித் தபால் வழியில் பி.ஏ. படிக்கிற பெண்கள் முப்பத்துமூன்று பேர், வெளியே வீட்டிலிருந்து படிப்பவர்கள் நாலு பேர். விடுதிப் பெண்களின் போன்கள் வாரம் முழுக்க வார்டன் அலமாரியில் பூட்டிக் கிடக்கும்; ஞாயிறு இரண்டு மணிக்குக் கைக்கு வரும், நாலு மணிக்குத் திரும்பிப் போகும். அதில் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கித்தான் இந்த இணைய வகுப்பு. கலந்துரையாடலில் பங்கேற்பதற்குப் பத்து மதிப்பெண் உண்டு, யாரும் பங்கேற்கத்தான் இல்லை. கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விநாடி பொறுத்திருங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், சின்னப் பதிலையும் பாராட்டுங்கள் என்று ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளும் பத்து விநாடி பொறுத்தாள். விடுதி மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது, யார் வீட்டிலோ டம்ளர் உருண்டது, "கேக்குதாம்மா?" என்றால் "எஸ் மேடம்", "டவுட் இருக்கா?" என்றால் "நோ மேடம்". நாலு வாரம் இப்படிச் சுவரோடு பேசிப் பேசி அலுத்தபோதுதான் ஏழாம் வகுப்பில் கூடப் படித்த சுகுணாவின் ஞாபகம் வந்தது. அந்தச் சுகுணா எதைக் கேட்டாலும் முதல் ஆளாக எழுந்து அடித்துவிடுவாள், பெரும்பாலும் தப்பாக. அவள் உளறி முடித்ததும் வகுப்பே கை தூக்கும். அவளைவிட மோசமாகச் சொல்ல முடியாது என்ற தைரியம்தான். கோகிலவாணி கணவனின் பழைய போனைத் தூசி தட்டி, 'சுகுணா ரா.' என்று பெயர் போட்டு வகுப்புக்குள் விட்டாள். நகரமயமாதல் பற்றிய பாடம் அன்றைக்கு. சுகுணா அரட்டைப் பகுதியில் எழுதினாள்: "மேடம், நகரமயமாதல்னா எல்லாரும் டவுன் பஸ்ல போறதா?" முதலில் ஒரு சிரிப்பு, அப்புறம் பிரிசில்லா என்ற திருநெல்வேலிப் பெண்ணின் கட்டம் திறந்துகொண்டது. "ஏ சுகுணா, பஸ்ஸு இல்லட்டி, ஊரே டவுனா மாறிப் போறது! எங்க ஊரு வயக்காடெல்லாம் இப்பம் பிளாட்டு மேடம், நான் சொல்லுதேன்!" அன்றைக்கு ஒன்பது பேர் பேசினார்கள். கோகிலவாணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேச வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டு போனிலும் மைக்கைத் திறந்துவிட்டாள். ஒரே அறையில் இரண்டும் ஒன்றின் குரலை ஒன்று விழுங்கி, காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு ஊளை கிளம்பியது. மிக்ஸி ஓடுகிறது என்று சமாளித்தாள். அன்றிலிருந்து சுகுணாவின் மைக் ரிப்பேர், அந்தப் போனுக்குச் சத்தமும் கிடையாது. எழுத்தில் மட்டும் இருந்த அந்தச் சுகுணாவுக்குத்தான் மாரிக்கனி ஞாயிறுதோறும் தனியாகச் செய்தி அனுப்ப ஆரம்பித்தாள்.

"மேடம், கேக்குதா? நான் தனிக் குடும்பம்தான் நல்லதுங்கேன்," என்று மேஜைமேல் பிரிசில்லா பேசிக்கொண்டிருந்தாள், "சொல்லும்மா, நல்லாக் கேக்குது," என்றது கோகிலவாணியின் வாய், கட்டைவிரல் மடியில் செய்திகளை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனது. போன ஞாயிறு வகுப்பு இல்லை. மச்சாண்டார் மகள் கல்யாணம், பட்டுச்சேலை, மண்டபம், பந்தியில் மூன்று வகை இனிப்பு. பழைய போனை அணைத்து டிராயரில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். இன்று இரண்டே முக்காலுக்கு அதற்கு உயிர் கொடுத்தபோது போன வாரத்துச் செய்திகளும் சேர்ந்து வந்து விழுந்தன, அவள்தான் பார்க்கவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று நினைத்தாள், அவசரம் என்னவென்றால் வருகைப் பதிவு எடுக்க வேண்டும். சுகுணா இருக்கியா. சுகுணா ஏன் பதில் போடல. எல்லாரும் என்னைய ம்யூட்டுன்னு கூப்பிடுறாங்க சுகுணா. அன்னைக்கு மேடம் சொன்னத பிரிசில்லா ரெக்கார்டு பண்ணிட்டா, ரூம் ரூமாப் போட்டுக் காட்டுனாங்க. இந்த இடத்தில் கட்டைவிரல் நின்றுவிட்டது. அன்னைக்கு மேடம் சொன்னது. என்ன சொன்னாள்? தெரியாதது மாதிரி கேட்டுக்கொள்வதில் என்ன பிரயோஜனம், சொன்னது ஒவ்வொரு எழுத்தாக ஞாபகம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் மாரிக்கனி, இத்தனை மாதத்தில் முதல் முறையாக, மைக்கைத் திறந்தாள். ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அடிக்குரலில், பாதி மூச்சுக்காற்றாக, ஆரம்பித்த இடத்திலேயே மறுபடி மறுபடி. கோகிலவாணிக்கு அன்று நெட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, அடுப்பில் பால் வைத்திருந்தாள், தலைவலி வேறு. "மாரிக்கனி, வாய்க்குள்ளயே மொணமொணன்னு என்னம்மா? பேசுறதுன்னாப் பேசு, இல்லாட்டி ம்யூட்ல போடு." எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள் போல. மாரிக்கனி ம்யூட்டில் போட்டாள். பால் பொங்கவில்லை, அதுகூட ஞாபகம் இருக்கிறது, நல்லவேளை என்று நினைத்துக்கொண்டதும்.

விளையாட்டுக்கு வைத்த பெயர் விடுதிப் படியிறங்கி மில்லுக்குள்ளும் போய்விட்டது, அதைத்தான் இன்றைய செய்திகள் சொல்லின. நேற்று மாரிக்கனியின் மெஷினில் வரிசையாக நூல் அறுந்திருக்கிறது; சத்தம் போட்டு ஆள் கூப்பிட வேண்டியவள் கூப்பிடாமல் நின்றிருக்கிறாள். சூப்பர்வைசர் அவளை இரண்டு மெஷினுக்கு நடுவில் நிறுத்தி, ஏய் ம்யூட்டு, உன் பேரைப் பத்துத் தடவை கத்து, சத்தம் என் காதுக்கு வரணும் என்றிருக்கிறார். பத்து ஆகவில்லை, மறுபடி ஒன்றிலிருந்து. ஷிப்டு மொத்தமும் பார்த்தது. ஊருக்குப் போன் பண்ணியதற்கு அப்பா, அனுசரிச்சுப் போ தாயி என்று வைத்துவிட்டார். கோகிலவாணி இதைப் படித்தாள், அடுத்த வரிக்குப் போக முடியாமல் திரும்பப் படித்தாள், மேஜைமேல் யாரோ "மேடம், கூட்டுக் குடும்பத்துல மாமியார் சண்டை வரும்ல?" என்று கேட்க எல்லாரும் சிரிக்க, அவள் முகமும் சிரித்தது, திரையின் ஓரத்தில் தன் முகம் சிரிப்பதைத் தானே பார்த்தாள். அடுத்த வரி: "உன்னைய மாதிரி இருந்திருக்கலாம். நீ என்ன தப்பாச் சொன்னாலும் மேடம் திட்டவே மாட்டாங்க. உன்னைய மட்டும் ஏன் திட்டல? நான் ஒரே ஒரு தடவதான் பேசுனேன்." ஐயோ பாவி, அவளைத் திட்டாததற்குக் காரணம் அவள் நான் என்பதுதானே. தன்னைத்தானே யாராவது ஊர் பார்க்கத் திட்டிக்கொள்வார்களா? "நல்ல கேள்வி சுகுணா, தைரியமாக் கேட்டே பாரு, அதுதான் வேணும்," என்று வாரா வாரம் தனக்குத் தானே மாலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று செய்தது. முப்பத்தாறு பேருக்கு வந்தது. இந்த ஒருத்தி மட்டும் இருட்டுக் கட்டத்துக்குள் உட்கார்ந்து, சுகுணாவுக்குக் கிடைப்பது தனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மணி மூன்று இருபத்தைந்து. ஏதாவது எழுது, எழுதித் தொலை. "அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்காதே மாரிக்கனி" என்று அடித்தாள், அழித்தாள். அது மேடம் பேச்சு, பார்த்தவுடன் தெரிந்துவிடும். சுகுணா எப்படிப் பேசுவாள்? நகரப் பேருந்துச் சுகுணா, சமூகவியலில் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரிந்துகொள்கிற சுகுணா, அம்மா ஆடு மேய்க்கப் போனால் தானும் பின்னால் போகிற தாராபுரத்துச் சுகுணா (ஆடுகூட மாரிக்கனி கேட்டதற்குப் பதிலாகக் கற்பனையில் வாங்கியதுதான்), அவளுக்கு எல்லாம் சொல்லத் தெரியும், சாகப் போகிறேன் என்பவளிடம் என்ன சொல்வதென்று மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. "அடியே லூசு அப்படியெல்லாம் பேசாதடி. நான் இருக்கேன்ல" என்று அடித்து அனுப்பினாள். அனுப்பிய பிறகு அந்த 'நான் இருக்கேன்ல'வைப் பார்த்தாள். யார் இருக்கிறாள்? உள்ளறையிலிருந்து கணவன் மயில்சாமியின் குரல் வந்தது, மதியத் தூக்கத்துக் குரல்: "அம்மிணி, காப்பி வெக்கறயா?" "கிளாஸ் நடக்குதுங்க," என்றாள். "அதா, ஞாயித்துக்கெழமையுங் கூட," என்று அவர் புரண்டு படுத்தார். அவரிடம் சொன்னால்? முதலில் சுகுணாவைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு மணி ஆகிவிடும். "பிரிசில்லா, ஒரு ரெண்டு நிமிஷம் நீ நடத்தும்மா, எல்லாரையும் பேச வை," என்று மேஜைக்குச் சொல்லிவிட்டு எழுந்தாள். சார்ஜர் வயர் இழுத்தது. பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் வார்டன் எண். பழைய போனில் அழுத்தினாள். மணி அடித்தது, அடித்தது, அடித்து நின்றது. ஞாயிறு மதியம் வார்டன் கேட்டில் நிற்பாள், பெண்களைப் பார்க்க வருகிற அப்பா அம்மாக்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு. போனை எங்கே வைத்தாளோ. மறுபடி அழுத்தினாள். மறுபடி நின்றது. மில் ஆபீஸ் ஞாயிறு பூட்டு. போலீசுக்குச் சொன்னால் ஜீப்பு வரும், மாரிக்கனி என்கிறவ யாரு என்று கேட் முன்னால் ஏலம் போடுவார்கள். அந்தப் பெயரைத்தான் நேற்று முழுக்கக் கத்தச் சொன்னார்கள். சொல்லாமலும் இருக்க முடியாதே, சொல்லத்தானே வேண்டும், ஒரு உயிர் இல்லையா. குளிர்ந்த பிரிட்ஜ் கதவில் நெற்றியை வைத்து நின்றாள், உள்ளே மோட்டார் உறுமியது, பின்னால் முப்பது பேர் மாமியார்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு வகுப்புக்குத்தான் ஆசைப்பட்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மூன்று முப்பத்தெட்டு. பதில் வந்திருந்தது. "நீ இருக்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? இத்தன மாசமா எழுத்துதான். நீ பேசி நான் கேட்டதே இல்ல. ஒரே ஒரு தடவ உன் குரலக் கேக்கணும். போன் பண்ணுறியா? வேற ஒண்ணும் வேண்டாம்." வேறு ஒன்றும் வேண்டாமாம். கேட்டுவிட்டாளே, கொடுக்கவே முடியாத ஒன்றைப் பார்த்து. கோகிலவாணியின் குரலை மாரிக்கனிக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அந்தக் குரல்தான் ரூம் ரூமாகப் போட்டுக் காட்டப்பட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசலாமா? பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, நீ சுகுணா என்று சொல், அடியே சாகாதேடி என்று சொல் என்று கையில் போனைக் கொடுக்கலாமா? நினைக்கவே கேவலமாக இருந்தது, இருந்தும் அந்தப் பெண் வீட்டில் இருப்பாளா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கதவு பூட்டியிருந்தது. "என் மைக் ரிப்பேர்டி" என்று எழுதினாள். வெட்கம் கெட்ட கை. ஆறு மாதமாக எழுதிய அதே பொய்யை, இந்த நேரத்திலும், பழக்கத்தில். உடனே பதில்: "சரி. பரவாயில்ல. நல்லாப் படி." அவ்வளவுதான். கீழே ஒன்றும் இல்லை. அவள் 'ஆன்லைன்' என்று காட்டிக்கொண்டிருந்த பச்சை எழுத்தும் போய்விட்டது. கோகிலவாணி என்னென்னவோ எழுதி அனுப்பினாள், ஒரு நிமிஷம் இருடி, பேசுறேன்டி, கனி, கனி, எதுவும் படிக்கப்படவில்லை. மேஜைமேல் மூன்றாவது வரிசையில் 'மா' மட்டும் இன்னும் இருந்தது. வகுப்பில் இருக்கிறாள். காதில் வகுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியாக ஒரு தடவை கேட்டுக்கொண்டிருக்கிறாளா, இல்லை போனை இங்கே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாளா? அந்த 'மா'வைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. எல்லாக் கட்டமும் அப்படித்தான், உள்ளே ஆள் இருந்தாலும் அதேதான், இல்லாவிட்டாலும் அதேதான். இத்தனை நாள் அதைப் பார்த்துத்தான் வருகைப் பதிவு எடுத்திருக்கிறாள்.

சொல்லிவிடு என்றது மனசு, சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டதும் அதுவேதான். வேலை போகும். படிப்பு மைய ஒருங்கிணைப்பாளர் போன மாதம்தான் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் மேடம், அந்தச் சுகுணாப் புள்ளை நெம்பச் சூட்டிகைங்க. இந்த வருஷம் சிறந்த பங்கேற்பாளர் சான்றிதழ் அதுக்கே குடுத்தரலாமுங்க. பதிவெண் அனுப்பி வெய்யுங்க," என்றார். "தேடி அனுப்பறேனுங்க," என்று மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். இல்லாத மாணவிக்கு வருகைப் பதிவு போட்டவள் என்று ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும். வேலை போனால் போகட்டும், வீட்டுக்காரர் மோட்டார் ரீவைண்டிங் கடை இருக்கிறது, கஞ்சி கிடைக்கும். பயம் அதில் இல்லை. பயம் வேறு இடத்தில் இருந்தது: சுகுணாவும் பொய் என்று தெரிந்தால், அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே பிடியையும் தன் கையால் அறுத்த மாதிரி ஆகாதா? யாரை நம்பிச் சொன்னாளோ அவளே அந்த மேடம் என்று தெரிந்தால்? சொன்னாலும் சாவாள், சொல்லாவிட்டாலும் சாவாள் என்று ஒரு நினைப்பு வந்தது. மூன்று நாற்பத்தாறு. ஒரு விஷயம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்லூரியில் மூன்று வருஷமும் அவள் வாயைத் திறந்ததில்லை. பேராசிரியர் பெயரைக் கூப்பிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பதில் நெஞ்சுவரை வந்து அங்கேயே கரையும், உட்காரு என்ற பிறகும் காது சுடும். ஏழாம் வகுப்புச் சுகுணாவை அவள் இத்தனை வருஷமாக ஞாபகம் வைத்திருந்தது சிரிப்பதற்கு அல்ல, பொறாமையால். தப்பாகப் பேசிவிட்டுச் சாப்பாட்டு மணி அடித்ததும் நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டாளே, அந்தப் பொறாமை. மாரிக்கனி அன்று மொணமொணத்தபோது வந்த எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது, நெட்டாலும் இல்லை தலைவலியாலும் இல்லை. அந்தக் குரல் அவளுடையது. அதைத்தான் ம்யூட்டில் போடச் சொன்னாள்.

மூன்று ஐம்பதுக்குக் கோகிலவாணி பழைய போனை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் வைத்தாள். சத்தத்தை முழுக்க ஏற்றினாள். பிரிசில்லா, "அப்பம் முடிவா தனிக் குடும்பம்தானே மேடம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கோகிலவாணி சுகுணாவின் மைக்கைத் திறந்தாள். ஊளை கிளம்பியது. முதலில் மெல்லிசாக, அப்புறம் அறை நிறைய, இரண்டு போனும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு கத்தின, உள்ளே மயில்சாமி "என்னாச்சு?" என்று எழுந்து உட்கார்ந்தார், திரையில் முப்பத்தெட்டுக் கட்டங்களுக்கு நடுவே, முதல் நாளுக்குப் பிறகு ஒளிராத 'சு' கட்டம் பச்சை வரம்பு கட்டி மின்னியது, பக்கத்தில் மேடமும் மின்னியது. அவள் நிறுத்தவில்லை. ஒரே அறையில் இரண்டு போன் இருந்தால்தான் இப்படிக் கத்தும் என்று மூன்று பேருக்கு ஒரு ரூமில் இருந்து வகுப்பு கேட்கிற அந்தப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு பழைய போனின் மைக்கை மூடினாள். "ஆமா," என்றாள் கோகிலவாணி, மேடம் குரல் வரவில்லை, அடிக்குரல்தான் வந்தது, பாதி மூச்சுக்காற்றாக. "சுகுணா இங்கதான் இருக்கா. சுகுணான்னு ஒருத்தி கிடையாதும்மா. நான்தான். நீங்க பேசணும்னுதான்... எனக்கு வேற வழி... எனக்கு..." ஆரம்பித்த இடத்திலேயே மறுபடி மறுபடி. யாரும் சிரிக்கவில்லை. "கனி, நீ கேட்ட குரல் இதுதான். உனக்குப் பதில் எழுதுனது எல்லாம் நான்தான். உன்னைய அன்னிக்கு அப்படிப் பேசுனதும் நான்தான். எல்லாரும் கேக்கறாங்க, கேக்கட்டும். தப்பு என்மேல. எங்கிட்டச் சொல்லிராதன்னு சொன்னே, ஆனா எங்கிட்டத்தான் சொன்னே. பேசு கனி. மொணமொணன்னு பேசு. எப்படிப் பேசினாலும் கேக்கறேன்." பத்து விநாடி பொறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் மூன்றாவது வரிசையில் 'மா' மறைந்தது. மற்ற கட்டங்கள் நகர்ந்து வந்து அந்த இடத்தை மூடிக்கொண்டன.

"பிரிசில்லா!" என்று கோகிலவாணி கத்தினாள், தன் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது அவளுக்கே தெரியாது. "மாரிக்கனி எந்த ரூம்?" "மாடியில மேடம், பதினாலு, கூட உள்ளவளுவ கீழ எங்க ரூம்லதான்..." "ஓடு. இப்பவே ஓடு. அவளைத் தனியா விடாதே, என்ன ஏதுன்னு கேக்காதே, கூட இரு." ரெக்கார்டு பண்ணியவள் அவள்தானே என்று நினைப்பு ஓடியது, போயும் போயும் அவளை நம்பியா, ஆனால் அத்தனை பேரில் சொன்னவுடன் எழுந்து ஓடக்கூடியவள் அவள்தான். அப்புறம் செருப்புச் சத்தம். பிரிசில்லா மைக்கை மூட மறந்து போனைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினாள். அவள் மூச்சு கேட்டது, படி கேட்டது, யாரோ "எங்கட்டி ஓடுத?" என்றது கேட்டது, பின்னாலேயே இன்னும் இரண்டு மூன்று ஜோடிக் கால்கள். கோகிலவாணி மேஜைவிரிப்பைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் வாய் திறந்துவிட்டது, மேடம் என்னாச்சு, மேடம் கனிக்கு என்ன, மேடம் நாங்களும் போகட்டுமா, எல்லா மைக்கும் திறந்து எல்லாரும் பேசினார்கள், "யாரும் பேசாதீங்க, ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்கம்மா," என்று கும்பிட்டாள். மயில்சாமி வந்து பின்னால் நின்றார். கதவு தட்டும் சத்தம். "ஏ கனி. கனி, திறட்டி. நான்தான், பிரிசில்லா. ஏ, நான் செஞ்சது தப்புதான்ட்டி, திற." தட்டல். தட்டல். மணி மூன்று ஐம்பத்தெட்டு. கோகிலவாணி எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, பெயர் ஞாபகம் வரவில்லை. தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது, அதன்பின் பிரிசில்லா அழுகிற சத்தம், "இருக்கா மேடம். இங்கனதான் இருக்கா. புடிச்சுக்கிட்டேன் மேடம்." பழைய போனில் செய்திகளுக்குக் கீழே இரண்டு நீல டிக் விழுந்தன, ஒவ்வொன்றாக, எல்லாவற்றுக்கும். அங்கே கீழே மணி அடித்தது. கூடையோடு படியேறி வருகிற வார்டனின் குரல் நெருங்கியது: "நாலாச்சு, நாலாச்சு, போனெல்லாம் குடுங்க. இங்கென்ன கூட்டம்? ஏ, எதுக்கு அழுவறீங்க?" பிறகு பிரிசில்லாவின் போனுக்கு வெகு பக்கத்தில், அடிக்குரலில், பாதி மூச்சுக்காற்றாக ஒரு குரல் கேட்டது.

"அக்கா, ரெண்டே ரெண்டு நிமிஷம். சுகுணாகிட்டப் பேசிட்டுத் தந்திர்றேன்."

கோகிலவாணி அரிசி டப்பாவில் சாய்ந்திருந்த போனில் மேடத்தை ம்யூட்டில் போட்டாள். மூலை உடைந்த போனைக் கையில் எடுத்து, சுகுணாவின் மைக்கைத் திறந்தாள்.

"சொல்லுடி கனி," என்றாள்.